குதிகால் இரண்டும் தரையில்

பட்டர்வொர்த் ஃபெரித்துறைக் கூரையின் கீழ் மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாக நின்றன. தகரத்தில் மழை இறங்கிய சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேசியதுகூடப் பாதிதான் காதில் விழுந்தது. காற்று அடங்கும்வரை ஃபெரி ஓடாது என்று ஒலிபெருக்கியில் மலாயில் சொன்னார்கள். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராக எஞ்சினை அணைத்தார்கள்.

சூடான எஞ்சின்களில் தண்ணீர் சொட்டி ஆவி எழும்பியது. ஈர ரப்பர் வாசம், பெட்ரோல் வாசம், யாரோ பிரித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் மிளகாய்ச் சம்பால் வாசம் எல்லாம் கலந்து வந்தன. எதிர்க்கரையில் வழக்கமாகத் தெரியும் ஜார்ஜ்டவுன் விளக்குகள் அன்று இல்லை. கடலும் இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது.

மற்றவர்கள் ஸ்டாண்டு போட்டு இறங்கிவிட்டார்கள். எனக்கு இறங்க மனம் வரவில்லை. என் கறுப்பு மோட்டார் சைக்கிளின் மீதே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு மலாய்க்காரர், கட்டடக் கூலி வேலை முடிந்து வருகிறவர் போலிருந்தார், எத்தனை சிசி என்று கேட்டார். இருநூற்றைம்பது என்றேன். வண்டியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். என் உயரம் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு.

“பெராட் தாக், காக்?” என்றார். கனமாக இல்லையா அக்கா என்று.

கனம்தான் என்றேன். தள்ளும்போது கனம், ஓடும்போது இல்லை என்றும் சொன்னேன். எனக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது.

கைப்பேசி அணைந்து கிடந்தது. அன்று மத்தியானம் ஆபிசில் கரண்டு போய்விட்டதால் சார்ஜ் போட முடியவில்லை. யாரிடமாவது வாங்கி வீட்டுக்குப் பேசலாம் என்றால் கணவரின் எண் எனக்கு மனப்பாடமில்லை. நினைவில் இருப்பது என்றோ வெட்டிவிட்ட வீட்டுத் தொலைபேசி எண்தான். மழை என்றால் தாமதம் ஆகும், அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் நான் மிக நிம்மதியாக இருந்தேன். அதே நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அதற்கு வருவதற்கு முன் இந்த வண்டி என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். சென்ற வாரம் இங்கே எழுதியதை எனக்கு மாற்றல் உத்தரவு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். உங்களில் இரண்டு மூன்று பேர், எல்லோரும் பெண்கள், அந்த மோட்டாரை ஓட்டுவது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபெரி காடி ஏற்றாது

இருபது வருஷத்துக்கு மேல் ஜார்ஜ்டவுனிலேயே குமாஸ்தாவாக இருந்தவள் நான். டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஆபிசுக்குக் காடியில், அதாவது காரில், பத்து நிமிஷம். எதிர்க்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாசுக்கு மாற்றினார்கள்.

பினாங்கின் வரைபடத்தைப் பார்த்தால் என் கஷ்டம் புரியும். பாலம் தெற்கே இருக்கிறது, புது ஆபிஸ் வடக்கே. தெற்கே இறங்கி, கடலைத் தாண்டி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். ஃபெரி என்றால் நேர் எதிர்க்கரை. ஆனால் இப்போதுள்ள ஃபெரிகளில் காடி ஏற்றுவதில்லை. ஆட்கள், சைக்கிள், மோட்டார். அவ்வளவுதான்.

முதல் மாதம் காடியில் பாலத்தைச் சுற்றினேன். வீட்டுக்கு வந்தால் இடுப்பு இரண்டாகப் பிரிந்ததுபோல் இருக்கும். அடுத்த மாதம் ஃபெரியும் பஸ்ஸும். பஸ் தன் விருப்பத்துக்கு வந்தது. வாசலில் தாமத அட்டையோடு நிற்கும் வயதா எனக்கு? ஒரு நாள் ஃபெரியின் மேல்தளத்திலிருந்து கீழே எட்டிப் பார்த்தேன். மோட்டார்காரர்கள் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். துறை வந்ததும் குபுகுபுவென்று முதலில் இறங்கிப் போனார்கள்.

அன்று மாலையே மோட்டார் லைசென்சுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

பயிற்சிப் பள்ளியில் கொடுத்தது கப்சாய் என்று இங்கே சொல்லும் சின்ன மோட்டார். ஊரில் பாதிப் பேர் ஓட்டுவது அதைத்தான். ஆனால் அந்த வண்டியில் என் கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. நிற்கும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்வேன். ‘தித்தி’ என்று ஒரு சோதனை உண்டு, குறுகலான பலகைமேல் விழாமல் ஓட்ட வேண்டும். முதல் தடவை நடுவிலேயே இறங்கிவிட்டேன். என்னோடு பரீட்சைக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். அதுதான் அதிக வெட்கமாக இருந்தது. இரண்டாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன்.

உக்காரு, உக்காரு

எங்கள் வட்டாரத்தில் ஒரு மோட்டார் கடை இருக்கிறது. முதலாளி சீனர், வயதானவர், வாடிக்கையாளர்களிடமிருந்து நாலைந்து தமிழ்ச் சொற்கள் பொறுக்கி வைத்திருப்பவர். கப்சாய் பார்க்கத்தான் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூலையில் நின்ற ஒரு வண்டியைக் காட்டினார். நீளமாக, தாழ்வாக, கைப்பிடி அகலமாக, எருமை படுத்திருப்பதுபோல் நின்றது. குரூஸர் வகை.

“அங்கிள், இது ஆம்பளைங்க வண்டிலா,” என்றேன்.

“உக்காரு, உக்காரு,” என்றார் தமிழில்.

உட்கார்ந்தேன். சீட்டு அவ்வளவு தாழ்வு. இரண்டு பாதமும், விரல் மட்டுமல்ல, குதிகால் இரண்டும் தரையில் படிந்தன. முழங்கால் கொஞ்சம் மடங்கக்கூடச் செய்தது. வாழ்க்கையில் எந்த நாற்காலியிலும் என் கால் அப்படித் தரையில் பட்டதில்லை. ஆபிஸ் நாற்காலியில்கூட அடியில் ஒரு பெட்டி வைத்துத்தான் உட்காருவேன்.

முதலாளி வண்டியைப் பக்கவாட்டில் லேசாக அசைத்தார். விழப் போகிறேன் என்று பயந்தேன். விழவில்லை. கால்கள் தாமாக வண்டியைத் தாங்கின. கனம் எல்லாம் கீழே, என் முட்டிக்கும் கீழே இருந்தது.

வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டேன். கறுப்பு மட்டும்தான் என்றார். சரி என்றேன்.

ஓடும் விதம்

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். மோட்டார் தெரிந்தவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கிளச்சு மெத்தென்று இருக்கும். என் சின்னக் கைக்கே வலிக்கவில்லை. முதல் கியர் போட்டுக் கிளச்சை மெதுவாக விட்டால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி தானாக நகரும், பசாரில் கூடையோடு நடக்கும் பெண்ணின் வேகத்தில். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. திருகத் தெரியாமல் திருகினாலும் துள்ளாது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கும். நானும் யோசித்துச் செய்கிறவள்தான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

கால்மிதி சற்று முன்னால் இருப்பதால் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் உட்காரலாம். சத்தம் கப்சாய்போலக் கீச்சென்று இருக்காது. நெஞ்சுக்குள் கேட்கும் சத்தம். லோரி பக்கத்தில் உரசிக்கொண்டு போனாலும் காற்று வண்டியைத் தள்ளாது, என்னைத்தான் தள்ளும்.

குறையும் உண்டு. ஜார்ஜ்டவுன் சந்துகளில் திருப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். யூ வளைவு எடுக்க ஒரு சாலை முழுவதும் வேண்டும். சிக்னலில் காடிகளுக்கு நடுவே நுழைய முடியாது, கைப்பிடி இடிக்கும். பின்னாலிருந்து கப்சாய்கள் ஹாரன் அடிக்கும். நெரிசலில் நின்றால் வலது கெண்டைக்காலில் எஞ்சின் சூடு அடிக்கும். முதல் வாரம் சிவந்தே போயிற்று, பிறகு நீளக் கால்சட்டைக்கு மாறினேன். பள்ளத்தில் இறங்கினால் பின் ஸ்பிரிங் நேராக நடுமுதுகில் வந்து செய்தி சொல்லும். எண்பதைத் தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வரும் எல்லாக் காடிகளும் நடுங்கும்.

நான் எண்பதைத் தாண்டுவது அபூர்வம்.

எல்லாவற்றையும்விடப் பயந்தது ஃபெரியின் இரும்புச் சரிவுக்குத்தான். மழையில் அது கண்ணாடி. முதல் முறை ஏறியபோது பின் சக்கரம் அரைச் சாண் விலகியது. ஆனால் கால்களைக் கீழே விட்டேன், வண்டி நின்றது. உயரமான வண்டியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கக்கூட விரும்பவில்லை.

பட்டர்வொர்த்தின் கடைகளும் பட்டறைகளும் கழிந்த பிறகு சாலை நேராகும். இரண்டு பக்கமும் வயல் திறக்கும். காலை வெயிலில் கொக்குகள் நீரில் நின்றிருக்கும். அங்கே நாலாவது கியரில் போட்டு விட்டுவிட்டால் வண்டி தனக்குத் தானே முனகிக்கொண்டு போகும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இருபது நிமிஷம். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு குமாஸ்தாவுக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது.

ஆபிசில் என் பக்கத்து மேசைக்காரி ரொஸ்னா எனக்கு ‘மக்சிக் ரெம்பிட்’ என்று பெயர் வைத்தாள். ரெம்பிட் என்றால் ரோட்டில் ரேஸ் விடுகிற பையன்கள். நான் ரெம்பிட் சித்தி. மாலையில் தன் கம்போங் முனைவரை, அவள் கிராமத்து எல்லைவரை, என் பின்னால் உட்கார்ந்து வருகிறவளும் அவள்தான்.

வீட்டில் பேசாத பேச்சு

என் கணவர் ஆல்பர்ட் ஒரு காலத்தில் பெரிய மோட்டார் ஓட்டியவர். கல்யாணமான புதிதில் என்னைப் பின்னால் உட்காரவைத்துத் தைப்பிங்வரை போயிருக்கிறார். அந்தக் காலத்தில் எங்கள் தேவாலய வாசலில் அவர் வண்டி நின்றால் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஜெலுத்தோங் பக்கம் கடலோரச் சாலையில், யாரோ சிந்திவிட்டுப் போன எண்ணெயில் சறுக்கினார். வேலை முடிந்து தனியாக வந்துகொண்டிருந்த நேரம். வலது தொடையில் இரும்புக் கம்பி வைத்தார்கள். முட்டி இன்றும் நாற்காலியில் உட்காரும் அளவுக்குத்தான் மடங்கும். கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவர் மட்டும் நிற்பார்.

வண்டியை விற்றார். அதன் பிறகு எந்த மோட்டாரையும் தொடவில்லை. காடியும் நான்தான் ஓட்டுவேன். தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போவார். சாலையில் மோட்டார் விழுந்து கிடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஜொகூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளும் பேசியதில்லை.

அப்படிப்பட்டவரிடம், லைசென்சும் எடுத்து வண்டியும் எடுத்த பிறகுதான் சொன்னேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவினார். “ஹெல்மெட் நல்லதா வாங்குனியா?” என்று கேட்டார். வாங்கினேன் என்றேன். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சண்டையை அவருடைய அக்கா போட்டார். சுங்கை பாக்காப்பில் இருக்கும் லூர்து அக்கா தம்பிக்கு அம்மா மாதிரி. ஆஸ்பத்திரியில் தம்பியோடு மாதக்கணக்கில் இருந்தவர் அவர்தான். போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு தடவ பாத்தது பத்தாதாலா ஒங்களுக்கு? என் தம்பி எப்படி விடியிற வரைக்கும் முனகுனான்னு நீயுந்தானே பாத்த, ஜெசி. பொம்பள பிள்ளைக்கு எதுக்கு இந்த மோட்டாரு?”

“வேலைக்குத்தான் போறேங்க்கா. மெதுவாத்தான் ஓட்டுறேன்.”

“அவனும் மெதுவாத்தான் போனான்.”

மாதங்கள் போயின. ஆல்பர்ட் ஒரு நாள்கூடக் கீழே வந்து வண்டியைப் பார்க்கவில்லை. காலையில் நான் கிளம்பும்போது குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார். கோபம் என்றே நினைத்தேன். எனக்கும் வீம்பு வந்தது. வண்டியைப் பற்றிய என் சந்தோஷங்களை எல்லாம் ரொஸ்னாவிடம் சொன்னேனே தவிர வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு பெரிய கறுப்பு வண்டியை இருவரும் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

மறுபடி அந்த மழை மாலைக்கு வருகிறேன்.

நான் ஃபெரித்துறைக் கூரையின் கீழ் சிசி கணக்குப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், லூர்து அக்காவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கிறது. கெப்பாலா பத்தாஸ்–பட்டர்வொர்த் சாலையில் விபத்து. ஒரு கறுப்பு மோட்டார் பள்ளத்தில் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் செருப்பு. கீழே மலாயில் ‘பெண் ஓட்டுநர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. வேறு விவரம் இல்லை. அக்கா அதைத் தம்பிக்கு அனுப்பி, “ஜெசி வீட்டுக்கு வந்துட்டாளா?” என்று கேட்டிருக்கிறார்.

ஆல்பர்ட் என்னைக் கூப்பிட்டார். போன் அணைந்திருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். எத்தனை தடவை என்று மறுநாள் என் கைப்பேசியே காட்டியது, அதைப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆபிசுக்கு அடித்தார், எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

வீட்டில் உடுத்தியிருந்த பழைய பனியனோடும் அரைக்கால் சட்டையோடும் கீழே இறங்கி, போனில் வாடகைக் காடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு படகுத்துறைக்கு வந்துவிட்டார். வந்தால் ஃபெரி நிற்கிறது. அந்தக் கரைக்குப் போகவும் வழியில்லை. மோட்டார்கள் வெளியேறும் வாசலில், கூரைக்கு வெளியே, மழையில் நின்றுகொண்டார். ஏன் உள்ளே நிற்கவில்லை என்று பிறகு கேட்டேன். “உள்ள நின்னா முகம் தெரியாது,” என்றார்.

காற்று அடங்கியது. ஃபெரி எங்களை ஏற்றிக்கொண்டு வந்தது. கடல் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் வண்டியின் இரண்டு பக்கமும் காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டே வந்தேன். கரை சேர்ந்ததும் வழக்கம்போல் எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் உறுமின. நான் கடைசியில்தான் இறங்குவேன், அந்த ஈர இரும்பில் யாரும் பின்னாலிருந்து அவசரப்படுத்தக் கூடாது என்பதற்காக.

வாசலில் ஒருவர் நனைந்துகொண்டு நின்று, கடந்து போகும் ஒவ்வொரு ஹெல்மெட்டையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பைத்தியம் பிடித்தவர் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்த பிறகுதான் அந்தக் கால் சாய்வு தெரிந்தது.

அவருக்கு முன்னால் போய் நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்திருந்தது, மேலே மழைக்கோட்டு. எனக்குப் பின்னால் வேறு மோட்டார் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை. நான்தான் கடைசி. அந்த ஒரு கணம் அவர் முகம் போன போக்கை நான் பார்த்துவிட்டேன்.

கண்ணாடியைத் தூக்கினேன். “என்னாங்க,” என்றேன்.

அவர் இரண்டு கையையும் வண்டியின் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்தார். வண்டி ஓடிவிடாமல் பிடித்து நிறுத்துகிறவர்போல.

“போன் என்னாச்சு?”

“செத்துப் போச்சிங்க.”

சொல்லக் கூடாத வார்த்தை. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தன் கைப்பேசியைத் துடைத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

“இது ஒன் வண்டி இல்ல. எனக்குத் தெரியும். டாங்கு வேற மாதிரி இருக்கு, கைப்பிடி வேற. நான் பாத்த ஒடனே இல்லன்னு சொன்னேன்.” நிறுத்தினார். “ஆனா பாத்துக்கிட்டே இருந்தேனா, கொஞ்சங் கொஞ்சமா ஒன்னோடது மாதிரியே ஆகிடுச்சு.”

என் வண்டியின் டாங்கும் கைப்பிடியும் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கீழே வந்து பார்க்காத மனிதருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“மேல இருந்து பாப்பேன். நீ வாசல் கேட்டத் தாண்டுற வரைக்கும்.”

“நீங்க குளிக்கத்தானே போவீங்க?”

“தண்ணியத் தொறந்துட்டு ஜன்னல்கிட்ட வந்துருவேன்.”

மழை இரண்டு பேர் மேலும் பெய்துகொண்டிருந்தது. பாதுகாவலர் ஒருவர் நகருங்கள் என்று கைகாட்டினார். நாங்கள் நகரவில்லை.

பின் சீட்டு

வாடகைக் காடி ஒன்றும் கிடைக்கவில்லை. மழை நேரத்தில் எவனும் வரமாட்டான். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் சாலைவரை நின்றது.

“நீங்க பஸ்ல வாங்க. நான் பின்னாடியே மெதுவா வர்றேன்,” என்றேன்.

அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்க்கவில்லை. பின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையால் அதன் உயரத்தைத் தன் இடுப்போடு அளந்து பார்த்தார்.

“இன்னொரு ஹெல்மெட் இருக்கா?”

இருந்தது. ரொஸ்னா போட்டுக்கொண்டு வருவது, பின்னால் கட்டியிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். ரோஜா நிறம். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கழுத்துப் பட்டையை மாட்டும்போது விரல்கள் தடுமாறின, நான்தான் மாட்டிவிட்டேன்.

என் தோளைப் பிடித்து இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கினார். கம்பி வைத்த கால். உயரமான சீட்டாக இருந்திருந்தால் அது தாண்டியிருக்காது. இந்தச் சீட்டைத் தாண்டியது. ஒரு முறை உரசி, மறுபடி தூக்கி, தாண்டிவிட்டது. முட்டி நாற்காலியில் உட்காரும் அளவு மடங்கினால் போதும் என்று இருந்தது அந்தப் பின் கால்மிதி. வண்டி சட்டென்று கீழே அமுங்கியது. என் இரண்டு காலும் தரையில் உறுதியாக நின்றன.

“சரியா?” என்றேன்.

“போ.”

ரொஸ்னா ஒல்லி. ஆல்பர்ட் அப்படியில்லை. முன் சக்கரம் லேசாகி, கைப்பிடி தன்னிஷ்டத்துக்கு ஆடியது. பிரேக்கை வழக்கமாகப் பிடிக்கும் இடத்துக்கு முன்பே பிடிக்க வேண்டியிருந்தது. அவர் கைகள் என் தோளில் இரும்பாக இருந்தன. முதல் வளைவில் அவர் உடம்பு மரம்போல நிமிர்ந்து நின்றதால் வண்டி வெளியே இழுத்தது. அவர் மூச்சு என் ஹெல்மெட்டில் மோதுவது கேட்டது. இறங்கிவிடுகிறேன் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

கொம்தார் சிக்னலில் தண்ணீர் கணுக்கால்வரை நின்றது. அங்கே காத்திருந்தபோது தோளில் இரண்டு தட்டு.

“கிளச்ச பாதி புடிச்சிக்கிட்டே நிக்காத. சூடாகும். நியூட்ரல்ல போடு.”

போட்டேன். இத்தனை மாதத்தில் அந்த வண்டியைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. பச்சை விழுந்தது. அடுத்த வளைவில் நான் சாய்ந்தபோது அவரும் என்னோடு சாய்ந்தார். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே திரும்பியது. அவர் உடம்புக்கு அது மறக்கவில்லை. தோளிலிருந்த கைகள் எப்போது என் இடுப்புக்கு இறங்கின என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக் கீழே, காடிகள் நிறுத்தும் இடத்தில் எஞ்சினை அணைத்தேன். அவர் இறங்கவில்லை.

“கால் வரல. குளுருல புடிச்சிக்கிச்சு. கொஞ்சம் இரு.”

இருந்தேன். எஞ்சின் ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தது. மாடிப்படியில் ஏறிய அண்டைவீட்டுக்காரர் எங்களைப் பார்த்தார், ரோஜா நிற ஹெல்மெட்டைப் பார்த்தார், மேலே போய்விட்டார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் முதுகு காட்டிக்கொண்டே செய்ய முடிந்தது.

அவருடைய போன் அடித்தது. லூர்து அக்கா. அவர் ஒலியைப் பெரிதாக வைத்தார்.

“டேய் ஆல்பர்ட், அது தாசேக் குளுகோர் பக்கத்து மலாய்ப் பொண்ணாம். கை மணிக்கட்டுதான் ஒடஞ்சிச்சாம், வேற ஒண்ணும் இல்லையாம். ஜெசி எங்கடா? வந்துட்டாளா?”

“வந்துட்டாக்கா. நல்லா இருக்கா. என் முன்னாலதான் உக்காந்திருக்கா.”

“மாதாவே.” அக்கா அழுதார். அழட்டும் என்று விட்டோம். பிறகு, “வீட்டுக்குள்ள தானே இருக்கீங்க? தலையத் தொவட்டச் சொல்லு,” என்றார்.

“வீட்ல இல்லக்கா. மோட்டார்ல உக்காந்திருக்கோம்.”

“அவ உக்காந்திருக்காளா?”

“நானுந்தான்.”

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அக்காவின் குரல் மிகவும் சன்னமாக வந்தது.

“காலு வலிக்குதாடா?”

“வலிக்கிது. பரவால்லக்கா.”

“போன அவகிட்ட குடு.” கொடுக்க வேண்டியிருக்கவில்லை, எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. “ஜெசி. அவன வச்சிக்கிட்டு மெதுவாத்தானே வந்த?”

“மெதுவாத்தாங்க்கா வந்தேன்.”

“ரொம்ப மெதுவாக்கா,” என்றார் பின்னாலிருந்து. “பொம்பள மூணாவது கியரே போடல.”